குருத்தணுவிலிருந்து இன்சுலின் சுரக்கும் திசு: ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முழு வழி

சுங்கை சிப்புட்டில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டால் நாலைந்து வீட்டு ஐஸ்பெட்டியிலாவது இன்சுலின் பேனா இருக்கும். பால்மரம் சீவிய தலைமுறைக்கும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த அவர்கள் பிள்ளைகளுக்கும் இனிப்புநீர் பழகிப்போன வியாதி. 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம்.

நான் செல் வளர்ப்புக் கூடத்தில் வேலை செய்கிறவன். ஊருக்குப் போகும்போதெல்லாம் இரண்டு வகையான ஆட்கள் ஒரே கேள்வியோடு வருவார்கள். எஸ்.டி.பி.எம். முடித்து உயிர்மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகள் ஒரு பக்கம், தினமும் ஊசி போட்டுக்கொள்கிற பெரியவர்கள் இன்னொரு பக்கம். "இன்சுலின் செல்லையே வளர்க்கிறார்களாமே, எப்படி?" என்பதுதான் அந்தக் கேள்வி. இரண்டு தரப்புக்கும் சேர்த்து முழுவதையும் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு வீட்டில் செய்து பார்க்கக்கூடிய வேலை இல்லை இது. பயிற்சி, கிருமியில்லாத கூடம், நெறிமுறைக் குழுவின் அனுமதி மூன்றும் வேண்டும். ஆனால் என்ன நடக்கிறது என்று யாரும் புரிந்துகொள்ளலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வேலையில் ஒவ்வொரு படிக்கும் ஒரு சோதனை உண்டு, அதில் தேறாத செல்லை அடுத்த படிக்குக் கொண்டுபோகக் கூடாது.

எதை வளர்க்கப் போகிறோம்

கணையத்தின் பெரும்பகுதி செரிமான நீர் சுரக்கிற வேலையைப் பார்க்கிறது. அதற்குள்ளே ஆங்காங்கே சின்னச் சின்னச் செல் கூட்டங்கள் கிடக்கின்றன. 1869-இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர் அவற்றை முதலில் விவரித்தார். அதனால் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயர். ஒரு கணையத்தில் ஏறக்குறைய ஒரு மில்லியன் திட்டுகள் இருக்கும், ஆனால் எல்லாம் சேர்ந்தாலும் கணையத்தின் எடையில் ஒன்றிரண்டு விழுக்காடுதான். அந்தத் திட்டுகளில் உள்ள பீட்டா செல்தான் இன்சுலின் சுரக்கிறது. முதல் வகை இனிப்புநீரில் உடலின் நோயெதிர்ப்பே பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. நம் ஊரில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை. அதில் இன்சுலின் இருந்தும் உடல் சரியாகக் கேட்பதில்லை. வருடங்கள் போகப் போக பீட்டா செல்லும் களைத்துப் போகிறது.

2000-ஆம் ஆண்டில் கனடாவின் எட்மன்டன் நகரில் ஜேம்ஸ் ஷப்பிரோ குழுவினர், இறந்தவர்கள் தானம் கொடுத்த கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்தெடுத்து ஏழு நோயாளிகளின் கல்லீரலுக்குப் போகும் இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தினார்கள். ஏழு பேரும் இன்சுலின் ஊசியை நிறுத்தினார்கள். செல்லை மாற்றினால் நோய் கட்டுப்படும் என்பது அன்றே உறுதியாகிவிட்டது. சிக்கல் என்னவென்றால், ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று பேரின் கணையம் தேவைப்பட்டது. அவ்வளவு தானத்துக்கு எங்கே போவது? அதனால்தான் வளர்க்கும் முயற்சி.

முதல் படி: தொடங்கும் செல்லைத் தேர்ந்தெடுப்பது

குருத்தணு (ஸ்டெம் செல்) என்பது இன்னும் எந்த உறுப்பாகவும் ஆகாத செல். அது தன்னைத்தானே பெருக்கிக்கொண்டே இருக்கும். தகுந்த சைகை கிடைத்தால் எந்த உறுப்பின் செல்லாகவும் மாறும். இரண்டு வழியில் அதைப் பெறலாம். ஒன்று, கருத்தரிப்பு சிகிச்சையில் மிஞ்சிய ஆரம்பக் கருவிலிருந்து. 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் இதைச் செய்து காட்டினார். மற்றொன்று, வளர்ந்த மனிதரின் தோல் அல்லது இரத்தச் செல்லைப் பின்னோக்கித் திருப்புவது. ஜப்பானின் ஷின்யா யமனாக்கா நான்கே மரபணுக்களைக் கொண்டு 2006-இல் எலிச் செல்லிலும் 2007-இல் மனிதச் செல்லிலும் இதைச் சாதித்தார். 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எந்த வகையானாலும் செல்கள் சின்னக் குப்பிகளில் திரவ நைட்ரஜனில், கழித்தல் 196 பாகை செல்சியஸில், உறைந்து கிடக்கும். வெளியே எடுக்கும் முன் அதன் பத்திரங்களைப் படியுங்கள். எத்தனை தலைமுறை வளர்ந்தது, நிறப்புரிகள் (குரோமோசோம்கள்) நாற்பத்தாறும் ஒழுங்காக இருக்கின்றனவா, மைக்கோபிளாஸ்மா கிருமி இல்லையா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத குப்பியைத் தொடாதீர்கள்.

நிறப்புரிச் சோதனையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், தட்டில் வளரும் செல் கண்ணுக்குத் தெரியாமலே மாறிவிடும். இது தோட்டத்துக்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை. நல்ல காய்ப்புள்ள செம்பனையின் திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கன்றாக்கி நட்டார்கள். கன்று பார்க்க அருமையாக இருந்தது, சில வருடம் கழித்துக் காய்த்தபோதுதான் பல மரங்களில் பழம் கோணலாகி எண்ணெய் குறைந்தது தெரிந்தது. டி.என்.ஏ.யின் எழுத்தில் பிழை இல்லை. கர்மா என்ற துண்டின் மேல் இருக்க வேண்டிய வேதிக்குறி வளர்ப்பின்போது உதிர்ந்துபோனதே காரணம் என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் 2015-இல் கண்டுபிடித்தார்கள். மனிதக் குருத்தணுவிலும் இப்படித்தான். குறிப்பாக 20-ஆம் நிறப்புரியின் ஒரு சிறு பகுதி இரட்டிப்பாகும். அப்படி ஆன செல் மற்றதைவிடச் சாகாமல் தாக்குப்பிடித்துக் கொஞ்ச நாளில் தட்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். வேகமாக வளர்கிறதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. திடீரென்று வேகம் கூடினால் உடனே சோதனைக்கு அனுப்புங்கள்.

இரண்டாம் படி: எழுப்பி, பழக்கி, பெருக்குவது

குப்பியை 37 பாகை நீரில் பிடித்து, உள்ளே ஒரு மிளகளவு பனி மிச்சமிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தட்டில் அடிப்படலம் பூசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குருத்தணு ஒட்டாது. தனித்தனியாகப் பிரிந்த குருத்தணு பயந்த குழந்தை போலத் தானே செத்துப்போகும் இயல்புடையது. அதனால் முதல் நாள் மட்டும் ஒய்-27632 என்ற மருந்தைச் சேர்ப்போம். அப்புறம் தினமும் ஊட்டநீர் மாற்ற வேண்டும். தீபாவளி, தைப்பூசம் எதுவும் செல்லுக்குக் கிடையாது.

நல்ல குருத்தணுவை நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு வட்ட வட்டத் திட்டாக இருக்கும். திட்டின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் தெளிவாக, செல்லின் உட்கரு பெரிதாக, அதற்குள் ஒன்றிரண்டு கரும்புள்ளிகள். ஓரம் கலைந்து செல்கள் நீண்டு ஊர ஆரம்பித்தால் அவை ஏற்கெனவே வேறு எதுவாகவோ மாறத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அந்தத் தட்டைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஊட்டநீரின் சிவப்பு ஒரே இரவில் மஞ்சளானால் செல் அதிகமாகிவிட்டது அல்லது கிருமி புகுந்துவிட்டது. நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சைக்குக் குறைவில்லை. கிருமிக்கொல்லி மருந்தை ஊட்டநீரில் கலந்து சமாளிக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். அது கிருமியை ஒளித்துவைக்கும், ஒழிக்காது.

தொடர்ந்து வளர்க்க இரண்டு முறை உண்டு. தட்டிலேயே படர விடலாம், அல்லது மெதுவாகச் சுழலும் குடுவையில் மிதக்க விட்டு உருண்டைகளாக வளர்க்கலாம். நிறையச் செல் வேண்டுமென்றால் குடுவைதான் வழி. உருண்டை 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் பெருத்தால் நடுவில் உள்ள செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாமல் சாகும்.

மூன்றாம் படி: குடலின் பக்கம் திருப்புவது

இனி வரும் எல்லாமே, தாயின் வயிற்றில் கரு கணையத்தை உண்டாக்கும் வரிசையைத் தட்டில் நடத்திக் காட்டுவதுதான். கரு முதலில் மூன்று அடுக்காகப் பிரியும். கணையம் உள்ளடுக்கிலிருந்து வரும். ஆக்டிவின் ஏ என்ற புரதத்தை மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் வீதம் மூன்று நாள் கொடுத்தால் செல் அந்த உள்ளடுக்குப் பக்கம் போகும். முதல் நாள் மட்டும் சி.எச்.ஐ.ஆர்.99021 என்ற சிறு மூலக்கூறும் சேர வேண்டும். 2005-இல் டமூர் என்ற ஆய்வாளரின் குழு இந்த வாசலைத் திறந்தது.

இந்த மூன்று நாளில் நிறையச் செல் சாகும். ஊட்டநீரே கலங்கிப்போகும், புதிதாக வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள். பரவாயில்லை, அது வழக்கம். மூன்றாம் நாள் சாயமிட்டு எண்ண வேண்டும்: உள்ளடுக்கின் அடையாளமான சாக்ஸ்17, ஃபாக்ஸ்ஏ2 இரண்டும் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட செல்களில் தெரிய வேண்டும், குருத்தணுவின் அடையாளமான ஆக்ட்4 மறைந்திருக்க வேண்டும். எட்டுக்குக் கீழே இருந்தால் நிறுத்திவிடுங்கள். இங்கே மிச்சமிருக்கும் குருத்தணு பின்னால் நோயாளியின் உடம்பில் கட்டியாக வளரலாம்.

அடுத்த மூன்று நாள் கே.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி. செல் ஆரம்பக் குடற்குழாயாக மாறும். இதில் பெரிய சிக்கல் வருவதில்லை.

நான்காம் படி: கணையம் என்று முடிவெடுக்க வைப்பது

வேலையின் இதயம் இங்கேதான் இருக்கிறது. கருவில் கணையமும் கல்லீரலும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். கொஞ்சம் சைகை மாறினாலும் நம் செல் கல்லீரலாகிவிடும். ஆகவே ஒரே நேரத்தில் மூன்று காரியம் செய்கிறோம். ரெட்டினோயிக் அமிலம் கொடுத்துக் கணையத்தின் பக்கம் இழுக்கிறோம். எல்.டி.என். என்ற மருந்தால் கல்லீரலுக்குக் கூப்பிடும் சைகையை அடக்குகிறோம். சான்ட்1 என்ற மருந்தால் கணைய மரபணுவைத் தடுக்கிற ஹெட்ஜ்ஹாக் சைகையை மூடுகிறோம். ரெட்டினோயிக் அமிலம் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். கூண்டின் விளக்கை அணைத்துவிட்டுத்தான் கலப்போம். இரண்டு நாளில் பி.டி.எக்ஸ்.1 என்ற மரபணு விழித்துக்கொள்ளும். கணையத்தின் முதல் அடையாளம் அது.

அப்புறம்தான் பொறுமை தேவைப்படுகிறது. ரெட்டினோயிக் அமிலத்தை 2 மைக்ரோமோலாரிலிருந்து 0.1-க்கு, அதாவது இருபதில் ஒரு பங்காகக் குறைத்து, ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். இந்த ஐந்து நாளில் என்.கே.எக்ஸ்.6.1 என்ற இரண்டாவது மரபணுவும் விழிக்க வேண்டும். அது விழிக்கும் முன்பே செல்லை "ஹார்மோன் செல் ஆகு" என்று அவசரப்படுத்தினால், இன்சுலினும், அதற்கு எதிராகச் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககானும் ஒன்றாகச் சுரக்கிற அரைகுறைச் செல் பிறக்கும். சாயமிட்டுப் பார்த்தால் இன்சுலின் இருக்கும். சர்க்கரையைக் காட்டினாலோ அசையாது.

2006-இல் இந்த வழியில் தட்டில் இன்சுலின் உள்ள செல் உருவானபோது இதுதான் நடந்தது. அங்கிருந்து சர்க்கரைக்குப் பதில் சொல்லும் செல்லுக்கு வந்து சேர எட்டு வருடம் ஆனது. 2014-இல் ஹார்வர்டில் டக்ளஸ் மெல்டன் குழுவும், ரெசானியா என்பவர் தலைமையில் இன்னொரு குழுவும் தனித்தனியாக அதை வெளியிட்டன. மெல்டனின் மகனுக்கும் மகளுக்கும் முதல் வகை இனிப்புநீர். தவளைக் கருவை ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர், பிள்ளைகளுக்காகவே இந்தத் துறைக்குத் திரும்பியவர். இத்தனை வருட உழைப்பில் பெரும்பகுதி மருந்துகளைச் சேர்ப்பதில் போகவில்லை, அவற்றின் வரிசையையும் நாளையும் கண்டுபிடிப்பதில்தான் போனது. அதனால்தான் புதியவர்கள் இந்த ஐந்து நாளை நான்காகச் சுருக்க நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

சோதனை: பி.டி.எக்ஸ்.1, என்.கே.எக்ஸ்.6.1 இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து தெரிய வேண்டும். தனித்தனிச் செல்லில் தெரிவது கணக்கில் சேராது.

ஐந்தாம் படி: பீட்டா செல்லாக்கி முதிரவிடுவது

இப்போது நாட்ச் என்ற சைகையை மருந்தால் அடைத்தால் நியூரோஜெனின்3 என்ற மரபணு விழித்து, செல் ஹார்மோன் சுரக்கும் வகைக்குத் தாவும். கூடவே தைராய்டு ஹார்மோனான டி3-யும், ஆல்க்5 தடுப்பான் என்ற மருந்தும் போகும். ஒரு வாரத்தில் இன்சுலின் தெரிய ஆரம்பிக்கும்.

கடைசிக் கட்டம் முதிர்ச்சி. இதில் உருண்டைகளைக் கலைத்து மறுபடி ஒன்றுசேர விட்டால், ஹார்மோன் செல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு வேண்டாதவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஒன்றிரண்டு வாரம் போனால் வட்டமான, பழுப்பு நிற உருண்டைகள் கிடைக்கும். டைத்திசோன் சாயம் விட்டால் செங்கருஞ்சிவப்பாக மாறும். பீட்டா செல்லில் இன்சுலினோடு துத்தநாகம் சேர்ந்திருப்பதால் வரும் நிறம் அது. எல்லாமே பீட்டா செல் ஆகிவிடாது. குளுக்ககான் சுரக்கும் ஆல்ஃபா செல்லும் வரும், செரட்டோனின் சுரக்கும் குடல்வகைச் செல்லும் எதிர்பாராமல் வரும் என்று 2019-இல் தெரிந்தது. முதல் குப்பி எடுத்த நாளிலிருந்து இதுவரை ஐந்து ஆறு வாரம் ஓடியிருக்கும்.

ஆறாம் படி: சர்க்கரையைக் காட்டிக் கேட்பது

இந்தச் சோதனையை இனிப்புநீர் உள்ள எவரும் எளிதில் புரிந்துகொள்ளலாம், ஏனென்றால் அலகு ஒன்றுதான். கிளினிக்கில் விரலைக் குத்திப் பார்க்கிறார்களே, 6.1, 9.4, 14 என்று வருமே, அந்த எண்கள் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்பது. ஆய்வுக்கூடத்திலும் அதே அலகு.

உருண்டைகளைக் கழுவி 2.8 சர்க்கரையில் ஒரு மணி நேரம் பட்டினி போடுவோம். மனித உடம்பில் 2.8 வந்தால் கை நடுங்கி வியர்த்துவிடும். நல்ல பீட்டா செல் அந்த அளவில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நீரை எடுத்து வைத்துக்கொள்கிறோம். பிறகு அதே செல்லை 16.7-இல் ஒரு மணி நேரம் வைக்கிறோம். இப்போது சுரக்க வேண்டும். மறுபடி 2.8-க்கு இறக்கினால் நிறுத்த வேண்டும். உயரும்போது சுரப்பதைப் போலவே இறங்கும்போது நிறுத்துவதும் முக்கியம். நிறுத்தத் தெரியாத செல் நோயாளியைத் தூக்கத்தில் மயக்கத்தில் தள்ளிவிடும்.

கடைசியாகப் பொட்டாசியம் குளோரைடு 30 மில்லிமோல். பீட்டா செல்லுக்குள் சர்க்கரை எரிந்து ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு உண்டாகும், அது பொட்டாசிய வாசலை மூடும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் பை வெடித்து வெளியேறும். பொட்டாசியத்தை வெளியிலிருந்து கூட்டினால் நடுவில் உள்ள படிகளைத் தாண்டி நேரே கடைசிக்குப் போய்விடலாம். சர்க்கரைக்கு அசையாமல் பொட்டாசியத்துக்கு மட்டும் சுரந்தால், செல்லில் சரக்கு இருக்கிறது, சர்க்கரையை உணரும் பகுதிதான் முதிரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். எங்கே குறை என்பது இப்படிப் பிடிபடும்.

இன்சுலினை அளப்பதோடு, செல்லுக்குள் இன்சுலின் உண்டாகும்போது கூடவே பிரியும் துண்டான சி-பெப்டைடையும் அளக்க வேண்டும். ஊட்டநீரில் வெளியிலிருந்து போட்ட இன்சுலின் ஒட்டிக்கொண்டிருக்கலாம், சி-பெப்டைடு செல் தானே உண்டாக்கினால்தான் வரும். உங்கள் மருத்துவரும் சில சமயம் அதே காரணத்துக்காகத்தான் இரத்தத்தில் அதைப் பார்க்கிறார்.

ஏழாம் படி: எலியிலிருந்து மனிதருக்கு

நோயெதிர்ப்பு இல்லாத எலியின் சிறுநீரக உறைக்கடியில் உருண்டைகளை வைப்பார்கள். எலியின் சொந்த பீட்டா செல்லை ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்தால் அழித்த பிறகும் சர்க்கரை ஒழுங்காக நின்றால் மனிதச் செல் வேலை செய்கிறது. சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க, அந்தச் சிறுநீரகத்தை எடுத்துவிடுவார்கள்; சர்க்கரை மறுபடி ஏற வேண்டும். மாதக்கணக்கில் விட்டு, கட்டி எதுவும் வளரவில்லையா என்றும் அறுத்துப் பார்ப்பார்கள்.

மனிதரிடம் இப்போது எங்கே நிற்கிறது? மெல்டனின் வழியில் வந்த சிமிஸ்லெசெல் என்ற சிகிச்சையை வெர்டெக்ஸ் நிறுவனம் 2021-இல் முதல் நோயாளிக்குக் கொடுத்தது. 2025-இல் வெளியான முடிவில், ஏறக்குறைய 800 மில்லியன் செல்லை ஒரே தடவையில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டுக்குப் பிறகு இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். சீனாவின் தியான்ஜினில் 2023-இல் 25 வயதுப் பெண் ஒருவருக்கு அவருடைய செல்லிலிருந்தே வளர்த்த திட்டுகளை வயிற்றுத் தசையுறைக்கடியில் வைத்தார்கள். 75 நாளில் அவர் ஊசியை நிறுத்தினார்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே நமக்குக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். சிமிஸ்லெசெல் பெற்றவர்கள் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும், அது மற்ற கிருமிகளுக்கு வழிவிடும். அந்த ஆய்வில் ஒருவர் பூஞ்சையால் வந்த மூளைக்காய்ச்சலில் இறந்தார். அந்த ஆய்வு முழுவதும் முதல் வகைக்காரர்களுக்கானது. அவர்களிலும், சர்க்கரை திடீரென்று இறங்கி ஆபத்துக்குள்ளாகிறவர்களுக்கு மட்டும். இரண்டாம் வகையில் இருப்பவர்கள் மெட்ஃபார்மினையும் ஊசியையும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

ஊரில் விற்கும் பொட்டலங்கள்

போன தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து, "தம்பி, நீ லேப்ல வேலை செய்றவன்தானே, இதக் கொஞ்சம் பாரு. ஸ்டெம் செல்லாம். தண்ணியில கலக்கிக் குடிச்சா கணையம் சரியாயிடுமாம்" என்றார். உள்ளே இருந்தது உலர்ந்த பழப்பொடி. "அக்கா, உயிருள்ள செல்லு பொட்டலத்துல இருக்கவே முடியாது. இருந்தாலும் வயித்துல செரிச்சுடும். நீங்க ஊசிய விட்டுடாதீங்க" என்று சொன்னேன். மேலே எழுதிய படிகளைப் பார்த்தாலே புரியும்: 37 பாகையும் தினசரி ஊட்டநீரும் இல்லாவிட்டால் இந்தச் செல் ஒரு வாரம் தாங்காது.

மலேசியாவில் பதிவான மருந்துப் பொருளில் மால் என்று தொடங்கும் எண் இருக்கும். அதில் இலக்கங்களை அடுத்து வரும் எழுத்து என் என்றால் ஊட்டச்சத்து வகை, டி என்றால் பாரம்பரிய வகை. இரண்டுமே செல் சிகிச்சை ஆகாது. செல் சிகிச்சை மருத்துவமனையில் மட்டுமே கொடுக்கப்படும். ஆய்வில் சேர அழைக்கிறார்கள் என்றால் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். பங்கேற்பவரிடம் பல்லாயிரம் ரிங்கிட் கேட்கும் ஆய்வு என்றால் கையெழுத்துப் போடும் முன் உங்கள் கிளினிக் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

உயிர்மருத்துவம், உயிரித்தொழில்நுட்பம் எதில் சேர்ந்தாலும் முதல் வருடத்திலேயே செல் வளர்ப்புக் கூடத்தில் விடுமுறை வேலை கேட்டுப் பாருங்கள். நேரே குருத்தணுவைக் கொடுக்க மாட்டார்கள். அதன் ஊட்டநீரும் ஆக்டிவினும் விலை அதிகம். முதலில் எச்.இ.கே.293 மாதிரியான முரட்டுச் செல்லில் கை பழகுங்கள். கிருமி புகாமல் பத்துத் தலைமுறை வளர்த்து, ஒவ்வொரு தடவையும் டிரைப்பான் நீலத்தில் (செத்த செல்லில் மட்டும் ஏறும் சாயம்) எண்ணிய கணக்கையும் உயிரோடிருக்கும் விழுக்காட்டையும் தேதியோடு நோட்டில் எழுதி வையுங்கள். குருத்தணுப் பக்கம் போக வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்கப் போகும்போது அந்த நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.